சுளகில் புடைத்த மால்ட்

பீர் காய்ச்ச ஒரு குரு, அவருக்கு வயது முப்பத்திமூன்று, சீடருக்கு அறுபத்திநாலு என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருய்யா என்றிருப்பேன். மெல்போர்னில் ஒரு கார் ஷெட்டில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். நானும் அங்கே சனிக்கிழமை சீடன்தான்.

குருவின் பெயர் ரோஸ்லின். தூத்துக்குடிக்காரர், பீர் ஆலை ஒன்றில் வேலை. நாங்கள் டீச்சர் என்போம். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, கையில் ஒரு கரண்டி வந்து சேரும். கிளறு, நாக்கில் வைத்துப் பார், அவ்வளவுதான் பாடம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மூத்த சீடர் சொரிமுத்து அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் நாற்பது வருஷம் ரைஸ் மில் நடத்திவிட்டு, மனைவி போனபிறகு மகள் ஷர்மிளா வீட்டோடு வந்து சேர்ந்தவர். கூடவே தம்பி இசக்கியப்பனும் வந்திருந்தார். அவர் ஒரு வேலைக்கும் ஆகாத மனுஷன். சாப்பிட உட்கார்ந்தால் வாய் ஓயாது. அண்ணனைக் கிண்டல் பண்ணுவார், அண்ணன் மகளை வம்புக்கு இழுப்பார், தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார்.

ஷர்மிளாவின் நிச்சயதார்த்தத்தன்று அந்த மனுஷன் மாப்பிள்ளை வீட்டு வெள்ளைக்காரர்கள் முன்னால் கும்மிப்பாட்டு பாடி, சம்பந்தியம்மாவையும் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்துவிட்டார். அண்ணாச்சிக்கு மானம் போயிற்று. கல்யாணம் முடிகிறவரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று சிட்னியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குத் தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டார். இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது, ஒரு சத்தம் இல்லை என்று எங்களிடம் பெருமையாக வேறு சொன்னார்.

ஆனால் மகள் அவரோடு பேசுவதும் நின்றுபோயிருந்தது. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான் பாக்கி. “என் கல்யாணத்துக்கு நீங்களே பீர் காய்ச்சணும்ப்பா” என்று முன்பொரு நாள் மூன்று பேரும் சாப்பிடும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னதை அண்ணாச்சி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்துவிட்டால் மகள் பேசிவிடுவாளாம். இல்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமலே மாலை மாற்றிக்கொண்டு போய்விடுவாள் என்று அவருக்குப் பயம். பெற்ற மனசு, என்ன செய்ய?

அதனால்தான் ஒரு சனிக்கிழமை டீச்சரிடம் கேட்டார்.

“தெளிவா வரணும்னா என்ன செய்யணும் டீச்சர்?”

டீச்சர் ஐந்து கிலோ மால்ட் மூட்டையை அவர் கையில் கொடுத்தார். மால்ட் என்றால் வேறொன்றும் இல்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லி. வீட்டிலேயே உடைத்து எடுத்து வரச் சொன்னார், ஒன்றிரண்டாக உடைந்தால் போதும் என்றார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சி ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் வெள்ளை வெளேரென்று மாவு. நாற்பது வருஷம் நெல்லிலிருந்து உமியைப் பிரித்த கை சும்மா இருக்குமா? மூன்று நாள் உட்கார்ந்து உடைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சுளகில் புடைத்துப் புடைத்து, ஒரு பொட்டு உமி இல்லாமல் எடுத்துவிட்டு, மிச்சத்தை மிக்ஸியில் அரைத்திருந்தார். அடடா, எங்கள் எல்லாருடைய மால்ட்டும் அதன் பக்கத்தில் மாட்டுத் தீவனம் மாதிரி இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

டீச்சர் மாவை அள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி அவர் அதிர்ந்து நான் பார்த்ததில்லை.

“உமி எங்க அண்ணாச்சி?”

“குப்பையில போட்டுட்டேன். அது எதுக்கு?”

டீச்சர் அள்ளிய மாவை டப்பாவிலேயே திரும்பப் போட்டார். பிறகு அண்டாவில் கொட்டச் சொன்னார்.

அண்டாவின் அடியில் ஓட்டைத் தட்டு ஒன்று, அதற்கும் கீழே குழாய். கை பொறுக்காத சூட்டில் தண்ணீரை ஊற்றி மால்ட்டை ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் மாவெல்லாம் இனிப்பாகிவிடும். இதற்கு மாஷ் என்று பெயர். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு, மேலே வெந்நீரை மெல்லத் தெளித்துத் தெளித்து அந்த இனிப்பை எல்லாம் கழுவி இறக்க வேண்டும். அது ஸ்பார்ஜ். இறங்குகிற சாற்றை டீச்சர் பானகம் என்பார். அதைக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால்தான் பீர்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. என் அண்டாவில் பானகம் சலசலவென்று இறங்கியது. அண்ணாச்சி தன் குழாயைத் திறந்தார். நாலு சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது.

இன்னும் திறந்தார். மேலே வெந்நீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் மேலேயே குளமாக நின்றது. கரண்டியை விட்டால் கரண்டியே வரவில்லை. உள்ளே பசை, சுவரொட்டி ஒட்டலாம். அண்ணாச்சி குழாயில் வாயை வைத்து ஊதிக்கூடப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது எல்லாம் போச்சு என்றார். சுத்தமாகத்தானே செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அண்ணாச்சி பிரித்தார். கையை உள்ளே விட்டார். பாம்பைத் தொட்டவர் மாதிரி வெடுக்கென்று எடுத்தார்.

நெல் உமி. கடையில் விலைக்கு வாங்கிய நெல் உமி. பை மேலே விலை ஒட்டியிருந்தது. அவர் மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்து, செங்கல் சூளைக்காரன் அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்த அதே உமி. இதைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரும் உண்டா என்று அவர் வாய் பிளந்தார். நானும்தான்.

“கழுவி உள்ள கொட்டுங்க” என்றார் டீச்சர்.

அண்ணாச்சி மாட்டேன் என்றார். சோற்றில் ஒரு உமி கிடந்தால் தட்டையே தள்ளிவைக்கிற ஆள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கொட்டினார். நான் கிளறினேன். பத்து நிமிஷம் அப்படியே விடச் சொன்னார் டீச்சர்.

குழாயைத் திறந்ததும் முதலில் கலங்கலாக வந்தது. அதைப் பிடித்து மேலேயே மெல்ல ஊற்றச் சொன்னார். இரண்டு தரம், மூன்று தரம் ஊற்றினோம். அப்புறம் இறங்கியது பாருங்கள், பொன் நிறத்தில், அடியில் வைத்த எழுத்தைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணாச்சி ஒரு கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், குடித்தார், மறுபடியும் பார்த்தார்.

அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“மாவைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரியும். ஏன் கொட்டச் சொன்னீங்க?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

அண்ணாச்சி அண்டாவை எட்டிப் பார்த்தார்.

“இனிப்பு கெடையாது, சத்து கெடையாது, மாடுகூட மோந்து பாக்காது. உள்ள போயி இது என்னதான் செஞ்சுது?”

“ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. மாவும் மாவும் ஒட்டிக்காம நடுவுல கெடந்துச்சு. அவ்வளவுதான்.”

“சும்மா கெடந்ததுக்கா இவ்வளவு தெளிவு?”

டீச்சர் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார்.

“ஷர்மிளா கடைசியா உங்ககிட்ட சிரிச்சுப் பேசினப்போ, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரு அண்ணாச்சி உக்காந்திருந்தா?”

அண்ணாச்சி உமிப் பையைக் கையில் எடுத்தார். நாங்கள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து முடித்தபோது, சிட்னியிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று என்னிடம் கேட்டார்.