வேண்டாம் என்று சொன்ன மரங்கொத்தி

ஒரு மலைக்காட்டில் இருவாச்சிப் பறவைகள் இரண்டு, ஆணும் பெண்ணுமாக, வீடு தேடிக்கொண்டிருந்தன. போன மழைக்காலத்தில் அவற்றின் பழைய மரம் சாய்ந்துவிட்டது.

குழந்தைகளே, இருவாச்சி கிளையில் கூடு கட்டாது. உயரமான மரத்தில் அதற்கு ஒரு பொந்து வேண்டும். பெண் பறவை அதற்குள் போய் உட்கார்ந்து வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். ஆண் அதன் வழியே பழம் ஊட்டும். உள்ளே இருக்கும்போது தாயின் இறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. மரம் விழுந்தால் தாயும் குஞ்சும் அதோடு போக வேண்டியதுதான்.

அதனால், மரம் பார்த்துச் சொல்லத் திறமைசாலி ஒருவர் வேண்டும் என்று ஆண் இருவாச்சி காடெங்கும் கூவிச் சொன்னது.

அந்தக் காட்டில் ஒரு கிளி இருந்தது. ஊரில் ஆங்கில ட்யூஷன் வாத்தியார் ஒருவரின் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்தது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது.

“திறமையை ஊரில் ‘ஸ்கில்’ என்பார்கள். ஸ்கில் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று வாத்தியார் தினமும் சொல்வார்” என்றது கிளி.

“ஸ்கில்லா? என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது!” என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. பின்னாலேயே கருமந்தி வந்து குதித்தது. வந்த வேகத்தில் வாலைச் சுழற்றி ஒரு குட்டிக்கரணமும் போட்டது.

“முழுதாகக் கேள், அண்ணே” என்றது கிளி. “அந்தச் சொல் முதலில் ஆங்கிலமே இல்லையாம். ஆங்கிலேயர் நாட்டுக்குக் கடல் தாண்டி வந்த வடக்குக் குளிர்நாட்டார் பேச்சிலிருந்து வந்ததாம். அங்கே அதற்குப் பொருள், ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிவது...”

“பொருளை எல்லாம் நீயே வைத்துக்கொள். இதோ, என் ஸ்கில்லைப் பார்!” மந்தி மறுபடியும் தாவியது. ஆண் இருவாச்சி அலகைப் பிளந்துகொண்டு பார்த்தது.

பெண் இருவாச்சி மட்டும் கிளியின் பக்கம் திரும்பியது. “கடைசியில் என்ன சொன்னாய்? இன்னொரு தடவை சொல்லு.”

கிளி வாய் திறப்பதற்குள் மரங்கொத்தி வந்து இறங்கியது. அடக்கம் அதற்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். சிவந்த கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, “மரம் பார்க்க ஆள் வேண்டும் என்றால் என்னை அல்லவா முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்?” என்று கேட்டது.

“வாரும், தச்சரே” என்று சிரித்தது மந்தி. “நாம் இருவரும் தேடுவோம். யார் காட்டும் மரம் நல்லது என்று இருவாச்சி அக்கா சொல்லட்டும்.”

தேடல் தொடங்கியது. மரங்கொத்தி ஒவ்வொரு மரமாகத் தட்டியது, காது கொடுத்துக் கேட்டது, “வேண்டாம்” என்றது. அடுத்த மரத்துக்குப் போய்த் தட்டியது. அதுவும் வேண்டாம்.

“என்ன தச்சரே, காலையிலிருந்து தட்டுகிறீர், யாரும் கதவைத் திறக்கவில்லையா?” என்றது மந்தி.

“உள்ளே மரம் இருக்கிறதா, வெறும் தூளா என்று தெரிந்துகொள்ளத்தான் தட்டுகிறேன்” என்றது மரங்கொத்தி.

மதியத்துக்குள் மந்தி ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வானளாவிய மரம். பெரிய பொந்து. வாசலில் பூத்த கொடி வேறு தொங்கியது. ஆண் இருவாச்சிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

மரங்கொத்தி அடிமரத்தில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு தட்டியது. “வேண்டாம்.”

ஆண் இருவாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “எதைக் காட்டினாலும் வேண்டாமா? வேண்டாம் என்று சொல்வதும் ஒரு திறமையா?”

“அண்ணே, நல்ல மரம் ‘டொக்’ என்னும். இது ‘பொத்’ என்கிறது. பொந்துக்குக் கீழே உள்ளுக்குள் இற்றுப்போய்விட்டது. இந்தக் காட்டில் இதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.”

“பொறாமை!” என்று கத்தியது மந்தி. “அக்கா, நீ உள்ளே போய் உட்கார்!”

பெண் இருவாச்சி பொந்தைப் பார்த்தது. தன் சிறகுகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டது. கால் எழவில்லை.

மரங்கொத்தி தலையைச் சாய்த்தது. “சரி, மந்தியாரே. அக்கா குடிபோகும் முன்பு இந்த மரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? உச்சிக்கிளையில் ஏறி உங்கள் ஆட்டத்தைக் காட்டுங்கள். பார்க்க எல்லோரையும் நான் கூப்பிடுகிறேன்.”

எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் மந்தி விடுமா? ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போனது. குதித்தது. மரங்கொத்தி தள்ளி நிறுத்தியிருந்த கூட்டம் ஆரவாரம் செய்ததும் இன்னும் பலமாகக் குதித்தது.

மரம் முனகியது. அடுத்த குதிப்பில் பொந்துக்குக் கீழே மடமடவென்று முறிந்து, மேல்பாதி காடே அதிரத் தரையில் விழுந்தது. முறிந்த இடத்திலிருந்து பழுப்புத் தூள் புகையாகப் பறந்தது.

மந்தி பக்கத்து மரத்தின் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. “அடப்பாவி! நான் செத்திருந்தால்?”

“கொடி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் உங்களை ஏற்றினேன்” என்றது மரங்கொத்தி. “எந்த மரத்தில் எந்தக் குரங்கை ஏற்றலாம் என்பதும் எனக்குத் தெரியும்.”

விழுந்த பொந்து நசுங்கிக் கிடந்தது. பெண் இருவாச்சி அதையே வெகுநேரம் பார்த்தது. பிறகு மரங்கொத்தியிடம், “எனக்கு நீயே ஒரு மரம் சொல்லு” என்றது.

மரங்கொத்தி அழைத்துப்போன மரம் பார்க்கச் சுமார்தான். பட்டை கரடுமுரடு, வாசல் குறுகல். மரங்கொத்தி தட்டியது. டொக். பெண் இருவாச்சி உள்ளே போய் வாசலை அடைக்கத் தொடங்கியது.

சித்திரையில் சூறைக்காற்று அடித்தது. அக்கம்பக்கத்தில் பல மரங்கள் சாய்ந்தன. அந்த மரம் சாயவில்லை.

ஒரு காலையில் சேற்று வாசல் உடைந்தது. தாய் வெளியே வந்தது. அதன் பின்னால் குஞ்சு தலையை நீட்டி, கிளைக்கு வந்து, தடுமாறிப் பறந்தது. காடு முழுவதும் பார்க்கக் கூடியிருந்தது. மந்தியும் வந்திருந்தது. அன்று அது குட்டிக்கரணம் போடவில்லை.

மரங்கொத்தி கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு அந்த மரத்தை ஒரே ஒரு தட்டு தட்டியது.

டொக்.

“ஸ்கில்!” என்றது கிளி.

“இப்போதுதான் சரியான இடத்தில் சொன்னாய்” என்றது தாய் இருவாச்சி.

நீதி: ஆகாதது எது என்று பிரித்தறியத் தெரிந்தவரே திறமைசாலி.