சுழி உட்காராத வட்டம்

அந்தக் காலத்தில், பூச்சிகளும் எண்களும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோது, குழியானைப் பூச்சி மணலில் ஒரு வட்டக் குழி தோண்டியது. விளிம்பு சரியாமலிருக்கச் சுற்றிலும் மணல்மணிகளை அடுக்கியது. குழியின் அகலத்தைப் போல மூன்று மடங்கு அடுக்கியும் ஓர் இடைவெளி மிஞ்சியது. அதன் வழியே மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. கண் அயர்ந்தால் குழி மூடிவிடும். அதனால் குழியானை தூங்கவில்லை.

அளவு தெரியாதவர்கள் எண்களைக் கூப்பிடுவது அன்றைய வழக்கம். ஒவ்வோர் எண்ணும் வந்து தன் பேருக்கு ஏற்ற மணிகளை வைக்கும். அடுத்து வருவதன் மணி, முந்தையதன் மணியில் பத்தில் ஒரு பங்கு பருமன். வைக்க மணியே இல்லாத பூஜ்யமான சுழி வந்து உட்கார்ந்துவிட்டால் அளவு சரி; எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஒன்று வந்தது. நான்கு வந்தது. மறுபடி ஒன்று. பிறகு ஐந்து, ஒன்பது, இரண்டு, ஆறு. இடைவெளி மயிரிழையாக மெலிந்தது. மணல் மட்டும் நிற்கவில்லை.

"என்ன மதினி, இன்னும் வீடு கட்டி முடியலையா?" வேலியில் இருந்த ஓணான் தலையாட்டியது.

"நீ ஆட்டுன ஆட்டத்துல பாதி மணல் விழுந்துச்சு. சும்மா இரு."

மூன்றாம் முறையாக வந்த ஐந்து முணுமுணுத்தது: "அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன். இந்தச் சுழி எங்கே போய்த் தொலைஞ்சுது?"

இன்னும் பலர் வந்தார்கள், வந்தவர்களே திரும்பவும் வந்தார்கள். ஏழு, ஒன்பது, ஐந்து என்று வந்த வரிசைக்குப் பின்னால், கடைசியில் சுழி அசைந்து அசைந்து வந்தது.

தூக்கத்துக்கு ஏங்கிய குழியானை கொடுக்குகளை அகல விரித்தது. "வா தாயி, வா. நீ உட்கார்ந்தா கதை முடிஞ்சுது."

சுழி அந்தக் கொடுக்குகளைப் பார்த்தது. "யார் கதை?"

கேள்வி குழியானைக்கு விளங்கவில்லை. "எல்லார் கதையும்தான்," என்றது ஆசையோடு.

சுழி விளிம்பைத் தொட்டதும் தொடாததுமாக எழுந்து ஓடிவிட்டது. பின்னால் நின்ற இரண்டு வேறு வழியில்லாமல் உள்ளே வந்தது. அப்புறம் எட்டு. மறுபடி எட்டு.

"உன்னைச் சொல்லலை தாயி, வேலையைச் சொன்னேன்," என்று குழியானை கத்தியது. சுழி திரும்பவில்லை.

அன்று முதல்தான் வட்டத்தை அதன் அகலத்தால் அளப்பவர்களுக்கு மூன்றுக்குப் பின்னே எண்கள் ஓய்வதில்லை. சுழி வந்தாலும் தங்குவதில்லை. குழியானையும் அது போன வழியை விட்டுக் கண்ணெடுக்க மனமில்லாமல், பின்பக்கமாகவே நடந்து நடந்து மணலில் வட்டம் போடுகிறது.