போட்டோவில் உள்ளபடி வெள்ளாட்டங்குளம்

வெள்ளாட்டங்குளத்தில் மொத்தம் நாற்பத்தொரு வீடுகள். முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மீதி மூன்று வீட்டுக்காரர்கள் ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த மூவரும் சேர்ந்து ‘ஊர்ப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுத் தொண்டர் குழு’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். சடையப்பர் தலைவர். திருமேனி செயலாளர். பெத்தபெருமாள், மற்ற இருவரும் சொல்வதைச் செய்பவர். மூவரும் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. நல்ல மனிதர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

‘வீட்டுக்கு ஒரு மரம்’ என்று சுவரில் எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது அவர்கள் எழுதியதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். இசக்கியம்மாள் வீட்டில் மூன்று முருங்கை நின்றது. இரண்டை வெட்டிச் சாய்த்துவிட்டு, “இப்பதான் கணக்கு சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆவணி இரண்டாம் தேதி காலையில் ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறித் தெருவை ஒரு போட்டோ எடுத்தார். இறங்கி வந்து அதைத் திருமேனியின் செல்போனுக்கு அனுப்பினார்.

“உங்க ஊரைச் சிறந்த சிற்றூர் விருதுக்கு எழுதப் போறேன். கிடைச்சா மெயின் ரோடு வரைக்கும் தார் ரோடு வந்துடும். ஒரு மாசத்துக்குள்ள விருதுக் குழு பார்க்க வரும், என்னைக்குன்னு சொல்ல மாட்டாங்க. வரும்போது ஊர் இந்த போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கணும். ஒண்ணும் மாறக் கூடாது” என்றார். வண்டியைக் கிளப்பும்போது, “மேம்படுத்தவும் செய்யணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை பெய்தால் மூன்று கிலோமீட்டர் சேற்றில் நடந்துதான் பஸ் பிடிக்க வேண்டிய ஊர் அது. தார் ரோடு என்ற சொல்லைக் கேட்டதும் நாற்பத்தொரு வீடும் தலையாட்டியது.

மூவரும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். குழாயடியில் இசக்கியம்மாளும் கோமுவும் கையை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொடியில் காய்ந்த ஊதாச் சேலையை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் நாவிதர் மருதையா, வேலாயுதத்துக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் நாலு நாள் தாடி.

சடையப்பர் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார். மருதையாவின் கத்தி இடது காதுக்குக் கீழே வந்திருந்தது.

“மருதையா! கைய எடும்வே!”

மருதையா பதறிக் கையை எடுத்தார். வேலாயுதம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காது இருந்தது.

“இனி இடப்பக்கம் கத்தி படப்பிடாது. போட்டோவுல உள்ளபடி இருக்கணும்” என்றார் சடையப்பர்.

“அண்ணாச்சி, இருபத்தேழாம் தேதி எனக்குக் கல்யாணம்” என்றான் வேலாயுதம்.

திருமேனி போட்டோவை உற்றுப் பார்த்தார். “இதுல கல்யாணம் ஒண்ணும் தெரியலியே.”

“இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போனா பொண்ணு தருவாகளா?”

“ஒருத்தன் பாதி மூஞ்சியா? ஊருக்கே ரோடா? நீயே சொல்லுலே” என்றார் சடையப்பர்.

வேலாயுதம் துண்டை எடுத்து வலது கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டான். பொதுநலம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் பதில் சொல்வது கஷ்டம். நானாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

மறுநாளிலிருந்து காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். இசக்கியம்மாளும் கோமுவும் முதல் நாள் மத்தியானமே சமாதானமாகி, ஒரே வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெத்தபெருமாள் ஓடிப்போய்ப் பிரித்துவிட்டார்.

“சண்டை போடுங்க மதினி. குழு வந்திட்டா என்ன ஆகும்?”

“எதுக்குப்பா சண்டை போட? எல்லாத்தையும் பேசி முடிச்சாச்சே” என்றாள் கோமு.

பெத்தபெருமாள் யோசித்து, “உங்க முருங்கை மரத்த வெட்டச் சொன்னது கோமு மதினிதான்னு வச்சிக்கிடுங்க” என்று இசக்கியம்மாளுக்கு எடுத்துக்கொடுத்தார். அது அந்த மாசம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

ஆடுதான் ஒத்துழைக்கவில்லை. முதல் சேலையை மாலைக்குள் தின்று முடித்தது. இரண்டாவதையும் தின்றது. மூன்றாவது நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சேலையில் வெல்லத்தைத் தடவினார்கள். அதற்குப் பிறகு ஆடு ஊதா நிறம் இல்லாத சேலைகளையும் தேடிப் போய்த் தின்ன ஆரம்பித்தது.

வலது கன்னத்தை மருதையா தினமும் மழித்தார். இடது கன்னம் வளர்ந்தது. ‘மேம்படுத்தணும்’ என்று அதிகாரி சொன்னது மூவரையும் உறுத்திக்கொண்டே இருந்தது.

“ஒண்ணும் மாறப்பிடாதுங்காரு. மேம்படுத்தவும் செய்யணுங்காரு. இது எப்படிவே?” என்றார் திருமேனி.

சடையப்பர் ஒரு நாள் முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, “ஊரத் தொடப்பிடாது. போட்டோவ மேம்படுத்துவோம்” என்றார்.

அவருடைய அறிவை மற்ற இருவரும் வியந்தார்கள். டவுனுக்குப் போய்ப் போட்டோவை ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊர் முகப்பில் நாற்காலி மேல் வைத்தார்கள். சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை சாத்தி, முன்னால் ஒரு விளக்கும் ஏற்றினார்கள்.

அன்றைக்குப் பார்த்துப் பெண்ணின் தகப்பனார் நாகலிங்கம், மகள் செவ்வந்தியுடன் துணி எடுக்க டவுனுக்குப் போகிற வழியில் அங்கே வந்தார். நாற்காலியையும் மாலையையும் விளக்கையும் பார்த்தார். போட்டோவின் நடுவில் மாப்பிள்ளை இருந்தான்.

“அய்யோ மாப்பிள்ளே! எப்பய்யா ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லி விடலியே!” என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு வேலாயுதம் பாதி தாடியுடன் ஓடி வந்தான். “மாமா, நான் இங்கதான் இருக்கேன்!”

நாகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். செத்துப்போன மாப்பிள்ளையே பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “இந்தக் கோலத்துல இவனுக்குப் பொண்ணத் தரமாட்டேன். எந்திரிம்மா, போவோம்” என்றார்.

வேலாயுதத்தின் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷம் நடையாய் நடந்து முடிவான சம்பந்தம் அது.

செவ்வந்தி நகரவில்லை. அவனை வலப்பக்கமிருந்து பார்த்தாள். சுற்றி வந்து இடப்பக்கமிருந்தும் பார்த்தாள். “அப்பா, தாலி கட்டுத வரைக்கும் நான் இவுகளுக்கு வலப்பக்கம்தான உக்காருவேன்? அந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. மிச்சத்தப் பெறவு பாத்துக்கிடலாம்” என்றாள்.

அவளுக்கு இந்த ஊரில் வாழ்க்கைப்படத் தகுதி இருப்பதை நாகலிங்கம் அப்போதுதான் கவலையோடு உணர்ந்தார். சரி என்று சொல்லிவிட்டார்.

தொண்டர்களும் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்கள். ஒரே நிபந்தனை: யாரும் இடம் மாறக் கூடாது. அதனால் கல்யாணம் வேப்பமரத்தடியில் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் மருதையா கத்தியுடன் நின்றார். மந்திரம் சொல்ல வந்தவர் அந்தக் கத்தியைப் பார்த்துப் பார்த்து இரண்டு மந்திரத்தை விட்டுவிட்டார். கெட்டிமேளம் கொட்டியபோது அதையும் மீறி இசக்கியம்மாளின் முருங்கைச் சண்டை கேட்டது.

வேலாயுதம் தாலியை எடுத்துச் செவ்வந்தியின் கழுத்தருகே கொண்டுபோனான். கூட்டம் அட்சதையை வீசியது. சரியாக அந்த நொடியில் யாரோ கிளிக் செய்தார்கள்.

திரும்பினால் அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

“அருமை! கிட்டப் போய் எடுத்திட்டேன்” என்றார். “போன போட்டோவை மேலிடத்துல ஒத்துக்கலை. தெருவுல சவரம், சண்டை, சேலை தின்ற ஆடு, இதெல்லாம் என்னன்னு கேட்டுட்டாங்க. இதை அனுப்பிடறேன். அடுத்த வாரம் குழு வருது. ஊர் இந்த போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கணும்.”

அதைத் திருமேனியின் செல்போனுக்கும் அனுப்பிவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி திரும்புவதற்குள் சடையப்பர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

“யாரும் அசையப்பிடாது! வேலாயுதம், கைய அப்பிடியே வச்சிக்க!”

“முகூர்த்தம் போகுது அண்ணாச்சி!”

“போட்டோவுல நீ இன்னும் கட்டலியேப்பா” என்றார் திருமேனி, செல்போனைக் காட்டி. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

தாலி கழுத்துக்கு ஓர் அங்குலத்தில் நின்றது. நாகலிங்கம் மறுபடியும் தரையில் உட்கார்ந்தார். செவ்வந்தி குனிந்த தலை நிமிராமல் திருமேனியிடம், “சித்தப்பா, போட்டோவுல என் பின்கழுத்து தெரியுதா?” என்று கேட்டாள்.

மூவரும் போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். செல்போனின் பின்பக்கத்தையும் பார்த்தார்கள்.

“தெரியல தாயி.”

“தெரியாத இடத்துல என்ன நடந்தா என்ன? முடிச்சு அங்கதான விழும்?”

மூவரும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். “அங்க ஆட்சேபணை இல்ல” என்றார் சடையப்பர். அடுத்த மூச்சில் வேலாயுதம் முடிச்சுப் போட்டுவிட்டான். கையை மட்டும் மறுபடி முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். கல்யாணம் முடிந்தது. அவன் முகம், இரண்டு பக்கமும், சிரித்தது.

“ஒரு குறை இருக்கு” என்றார் பெத்தபெருமாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டோவுல அட்சதை காத்துல நிக்கி. இங்க எல்லாம் கீழ கிடக்கு.”

சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஊரே ஏப்பம் விட்டபோதும் மூவரும் பூதக்கண்ணாடி வைத்துப் போட்டோவில் இருந்த அரிசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். முந்நூற்றுப் பதினெட்டு. ஒவ்வோர் அரிசியையும் ஒரு நூலில் கட்டி, வேப்பங்கிளையிலிருந்து போட்டோவில் உள்ள உயரத்துக்குத் தொங்கவிட்டார்கள். நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் முந்நூற்றுப் பதினேழு அரிசி காற்றில் நின்றது. கடைசி அரிசியைக் கட்டப் போன பெத்தபெருமாளைத் திருமேனி தடுத்தார்.

“இரும்வே. இந்த அரிசி மேல போகுதா, கீழ வருதா?”

மூவரும் போட்டோவை நெடுநேரம் பார்த்தார்கள். சொல்ல முடியவில்லை.

“தப்பாக் கட்டிட்டா ரோடு போயிரும்” என்றார் சடையப்பர். அரிசியை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, குழு வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.