செயலாளர் பார்க்காத ஒன்று

புஷ்பராணிக்கு நடந்தது அநியாயம். ‘அயலாரை நேசிப்போம்’ என்று பேனர் கட்டி, தெருத்தெருவாகப் பொருள் தேடும் குடும்பப் போட்டி வைத்தது சபை. ஆலயத்தைப் பெருக்கும் புஷ்பராணி மகளோடு பேர் கொடுக்கப் போனாள். “ரெண்டு பேரெல்லாம் குடும்பமா?” என்றார் செயலாளர் தேவவரம். குடும்பத்துக்கு இத்தனை தலை வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறதாம்? முதல் பரிசு தையல் மெஷின். கிடைத்தால் அவளுக்கு அது ஒரு பிழைப்பு; நகராமல் நின்றாள்.

தொல்லை ஒழியட்டும் என்று செயலாளர் மைக்கிலேயே சொன்னார்: “முப்பது வருஷமா இந்தத் தெருவுல ஊழியம் செய்யுதேன். நான் பார்க்காத ஒண்ணை இங்கேயிருந்து கொண்டா. மெஷின் உனக்குத்தான்.” கார் கண்ணாடியை இறக்காமலே வந்து போகிற மனிதர் பேசுகிற பேச்சு! சபையும் சேர்ந்து சிரித்தது.

ஐந்தே நிமிஷத்தில் அவள் ஒரு பெரியவரைக் கூட்டி வந்து முன்னால் நிறுத்தினாள்.

“யாரும்மா இந்த ஆளு? நான் பார்த்ததே இல்லையே!”

“வாசலுக்கு எதிர்த்தாப்புல பதினாலு வருஷமா இஸ்திரி போடுத மாடசாமி அண்ணாச்சி, ஐயா. நீங்க போட்டிருக்க சட்டையும் இவரு தேய்ச்சதுதான். மெஷினைத் தூக்க இவரு ஒரு பக்கம் பிடிக்கேன்னாரு. இன்னொரு பக்கம் நீங்க பிடிக்கீங்களா?”