இடது பக்கக் கதவு

"நம்பி வாங்கறதுக்கு இந்த ஜில்லாவுல ஒரு கார்கூட இல்லீங்க அம்மணி" என்றார் குழந்தைவேலு.

அம்மணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்வதை நிறுத்தவில்லை.

வாய்க்கால் கரை ஓட்டு வீட்டில் இருந்த அந்தப் பெண்மணி, குழந்தைவேலுவைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஊரெல்லாம் அவரை அம்மணி என்றுதான் கூப்பிட்டது. காவி கிடையாது, மாலை கிடையாது, பிரசங்கம் சுத்தமாகக் கிடையாது. மனசு சரியில்லாதவர்கள் வந்து உட்காருவார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும், சிலருக்கு மோர் கிடைக்கும். இரண்டும் கிடைக்காதவர்களும் மறுவாரம் வந்து நின்றார்கள். என்ன மாயமோ, யார் கண்டது.

குழந்தைவேலு பல வருஷமாக வருகிறவர். அவரை அம்மணியின் முதல் சீடர் என்று சொல்லலாம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு மஞ்சள் மண்டியில் வேலை. கையில் எந்நேரமும் குத்தூசி. மூட்டையின் மேல்வாயில் தங்கம் தங்கமாக விரலி மஞ்சள் இருக்கும். அடியில் என்ன இருக்கிறது என்று ஊசி விட்டு எடுத்தால்தான் தெரியும். குத்திக் குத்திப் பழகி, மனுஷருக்கு எதைக் கண்டாலும் கை ஊசியைத் தேடும். கல்யாண வீட்டு லட்டைக்கூட உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அந்த மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. கொண்டு வந்தவர் தானாகவே மூட்டையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டால், அவர் சரக்கை யாரும் குத்திப் பார்க்க மாட்டார்கள். அதில் மண் கிடந்தாலும் சரி, கட்டை கிடந்தாலும் சரி. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து விலை பேசி முடிப்பார்கள். மற்ற மூட்டைகளுக்குத்தான் குழந்தைவேலுவின் ஊசி.

சரி, காருக்கு வருவோம்.

கார் அவருக்காக இல்லை. மகள் பூவிழிக்காக.

பூவிழிக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் இல்லை. வியாழக்கிழமைதோறும் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார்கள். சின்னவளாக இருந்தவரைக்கும் அம்மா கோகிலா மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தாள். இப்போது பிள்ளையைத் தூக்கினால் கோகிலாவுக்கு இடுப்பு கழன்றுபோகிறது. ஒருநாள் மொபெட்டில் துண்டால் சேர்த்துக் கட்டி உட்காரவைத்துக் கிளம்பினார்கள். பைபாஸில் ஒரு லாரி உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. சாமி, இந்தப் பயணம் நமக்கு வேண்டாம் என்று அன்றைக்கே கோகிலா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

வாராவாரம் வாடகைக் கார் கட்டுப்படியாகாது. அதனால்தான் சீட்டு எடுத்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று குழந்தைவேலு கிளம்பினார். கிளம்பியவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பூவிழியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டது. கால் தசை இறுகிக்கொண்டே வருகிறது, இப்படியே விட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மணி அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

குழந்தைவேலு ஒவ்வொரு காராகச் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் ஓட்டின வண்டி என்று காட்டினார்கள், சீட்டைத் தூக்கினால் சேற்று நாற்றம். எப்போதோ வெள்ளத்தில் நின்ற வண்டி. கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது என்றார்கள், மீட்டரும் அப்படித்தான் காட்டியது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இன்னொரு இடத்தில் இவர் போவதற்கு முன்பே இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். காலையில் கிளம்பாமல் இருமுகிற வண்டி சூட்டில் சமர்த்தாகக் கிளம்புமாம். இவர் போனதும் பானெட்டில் கையை வைத்துவிட்டார். சுட்டது. அவர்கள் காபி சாப்பிடச் சொன்னார்கள், இவர் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

கூடவே வந்த மெக்கானிக் ரபீக்குக்கு அலுத்துப்போய்விட்டது. இப்போதெல்லாம் இவர் பெயரைப் போனில் பார்த்தாலே எடுப்பதில்லை.

"எல்லாரும் ஒரே பல்லவிங்க. ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை."

"எல்லாருமேங்களா?" என்று கேட்டார் அம்மணி.

"ஒருத்தன் மட்டும் வேற மாதிரி. அவன் இவங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டானுங்க" என்றார் குழந்தைவேலு. சொல்லும்போதே முகம் சிவந்தது.

அது கோபியில் அவினாசியப்பன் என்று ஒருவருடைய கார். வெள்ளை நிறம். ரபீக் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்ன ஒரே வண்டி. விலையும் இவர் கைக்கு எட்டுகிற விலை. ஏன் எட்டியது என்று பிறகுதான் பார்த்தார். நம்பரைக் கூட்டினால் எட்டு. எட்டு வந்தால் எங்கள் பக்கத்தில் இனாமாகக் கொடுத்தாலும் யோசிப்பார்கள். கோகிலா அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த ஆள் கேட்காமலே ஆரம்பித்துவிட்டார். சித்திரை வெயிலுக்கு ஏசி குளிராது என்றார். பின்பக்கம் மகன் கேட்டில் இடித்து நெளிந்ததைத் தட்டி எடுத்தோம் என்றார். போதும் சாமி என்று இவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அப்போதும் விடவில்லை, பின்னாலேயே வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்கன்னு ஆரம்பிக்கறானுங்க. இடது பக்கம் பின்கதவு சரியாப் பூட்டாதாம். பூட்டாத கதவை வெச்சுக்கிட்டுக் கார் விக்க வந்துட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு, திரும்பிக்கூடப் பார்க்கலீங்க."

அம்மணி கீரையை முறத்தோடு ஓரமாக வைத்தார். கையைக் கழுவினார். முற்றத்துப் புங்க மர நிழலில் நின்ற குழந்தைவேலுவின் மொபெட் பக்கம் நடந்து போனார். அதைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

விற்கப் போவதாகச் சொன்னார் குழந்தைவேலு. சீட்டுப் பணம் காருக்குக் கொஞ்சம் துண்டு விழுகிறது, மொபெட்டை விற்றால் சரியாகிவிடும். அடுத்த தெரு டெய்லர் சின்னராசு காலையில்தான் வந்து கேட்டிருந்தார். அவர் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம், போய்வர வேண்டுமாம். சாயங்காலம் பணத்தோடு வருவதாகப் பேச்சு.

"எனக்குக் குடுங்க" என்றார் அம்மணி.

குழந்தைவேலுவுக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம். அப்புறம் நெஞ்சு நிறைந்துபோனது. தன் வண்டியில் அம்மணி போய்வருவதென்றால் சும்மாவா. காசே வேண்டாமுங்க என்று சொல்ல வாயெடுத்தார், காரை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"வண்டி எப்படி இருக்குதுங்க?"

"வண்டிக்கென்னங்க, ஒரு குறையும்..."

மொபெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மணி காத்திருந்தார். அவருக்கு அவசரம் என்று ஒன்று இருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

"முன்பிரேக் சமயத்துல பிடிக்காதுங்க" என்றார் குழந்தைவேலு. "மழைன்னா சுத்தமாப் பிடிக்காது. பின்பிரேக்கை முன்கூட்டியே மிதிச்சிரணும். அப்புறம் லைட்டு. மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா அணைஞ்சுரும், ஒரு தட்டு தட்டினா எரியும். இருட்டுல அதை நம்பி வாய்க்கால் கரையில வராதீங்க அம்மணி. பெட்ரோல் மணம் அடிச்சா டியூப் கழண்டிருக்கும், உடனே நிறுத்திப் பாருங்க."

சொல்லச் சொல்ல இன்னும் ஞாபகம் வந்தது. ஸ்டாண்டு போடும்போது காலை எங்கே வைக்கக் கூடாது என்பதைக் குனிந்து காட்டினார். வேர்த்துவிட்டது.

"சின்னராசுகிட்டயும் இதையெல்லாம் சொல்லியாச்சுங்களா?"

குழந்தைவேலு தரையைப் பார்த்தார். காலையில் சின்னராசுவிடம் என்ன சொன்னார் என்பது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்தப் பல்லவியைத்தான் அவரும் பாடியிருந்தார். அட்சரம் பிசகாமல்.



"அப்புறம் எனக்கு மட்டும் ஏனுங்கண்ணா சொன்னீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க" என்றார் குழந்தைவேலு. கொஞ்சம் கோபமாகக்கூட வந்தது. "உக்காரப் போறது நீங்களாச்சுங்களே அம்மணி. சொல்லாம விட்டு நீங்க எங்கியாவது..."



கோபித் தெரு ஞாபகம் வந்தது. அவினாசியப்பன் ஒரு காலில்தான் செருப்பு போட்டிருந்தார். இன்னொன்றைப் போட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தார். அவர் பார்த்தது குழந்தைவேலுவை இல்லை, கோகிலாவின் தோளில் கிடந்த பூவிழியை. கதவு பூட்டாது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. இன்னொரு வார்த்தையும் சொன்னார். ஊர் முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் திட்டியபோதெல்லாம் குழந்தைவேலு விட்டுவிட்டுச் சொன்ன வார்த்தை அது.

மனசு மாறி வாங்க வந்தீங்கன்னா, பாப்பாவை மட்டும் அந்தப் பக்கம் உட்கார வெச்சுராதீங்க.

குழந்தைவேலுவுக்குக் கண் கரித்தது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மணி மறுபடி முறத்தண்டை போய் உட்கார்ந்திருந்தார்.

மொபெட்டை எப்போது கொண்டுவந்து விடட்டும் என்று கேட்டார் குழந்தைவேலு.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கண்ணா" என்றார் அம்மணி. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு மோரும் கிடைக்கவில்லை.

குழந்தைவேலு புங்க மரத்தடியில் நின்றபடியே கோபிக்குப் போன் போட்டார். கார் இருக்குதுங்களா என்று கேட்க வாய் வராமல், சௌக்கியங்களா என்று கேட்டார். அவினாசியப்பனுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. கார் அப்படியேதான் நிற்கிறது, எட்டாம் நம்பரைத் தேடி யார் வரப் போகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் கதவை இன்னும் சரி செய்யவில்லை, அந்தச் சாமான் திருப்பூரிலிருந்து வர வேண்டும் என்றார். பாப்பாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.



"நாளைக்கு வர்றனுங்க" என்றார் குழந்தைவேலு. "பணம் மட்டும் கொஞ்சம் துண்டு விழுந்தாலும் விழும். ராத்திரிதான் தெரியும்."

வாங்க, பார்த்துக்கலாம் என்றார் அவினாசியப்பன்.

மொபெட்டைக் கிளப்பினார். வீட்டுக்குப் போகிற வழி நேராக இருந்தது. கோகிலாவிடம் எட்டைப் பற்றி என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தவர், தெருமுனையில் வண்டியைத் திருப்பினார். முன்பிரேக் பிடிக்கவில்லை. காலை ஊன்றி நிறுத்தினார்.

சின்னராசு வீட்டுக் கேட் சாத்தியிருந்தது. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம். முன்னறையில் அவர் மகள் புது ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

சின்னராசு கழுத்தில் டேப்போடு கேட்டண்டை வந்தார். பணத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, சாயங்காலம்தானேங்க சொன்னேன் என்றார். குரலில் லேசான கடுப்பு.

இந்த மொபெட் பணம் போனால் நாளைக்குக் கோபியில் என்ன பேசுவது என்று குழந்தைவேலுவுக்கு ஒரு கணம் யோசனை வந்தது. அறைக்குள் அந்தப் பெண் ஹெல்மெட்டோடு திரும்பி இவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க" என்றார் குழந்தைவேலு.

பிரேக்கில் ஆரம்பித்தார். சின்னராசு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். லைட்டுக்கு வரும்போது கேட்டின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்.

"உள்ள வாங்க. உட்கார்ந்து மிச்சத்தையும் சொல்லுங்க."

அடுத்த வியாழக்கிழமை கோயமுத்தூர் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் போனது. சக்கரத்தில் நசுங்கின எலுமிச்சம்பழம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, கையை வெளியே நீட்டக் கூடாது என்று அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே, பூவிழி வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.