கரடி அடைத்த பொந்து

ஒரு குன்றில் குகை ஒன்று இருந்தது. அதன் முன்பக்கம் ஒரு கரடி குடியிருந்தது. பின்பக்கத்தில், சிறிய பொந்து ஒன்றின் வழியாக வந்து போய்க்கொண்டு, முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வசித்தது. எல்லோருமே இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள்.

கத்திரி வெயில் வந்தது. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. கரடிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இடப்பக்கம் படுத்தது. வலப்பக்கம் புரண்டது. எழுந்து போய் ஓடைச் சேற்றில் உருண்டுவிட்டு வந்து படுத்தது. சேறு காய்ந்து உடம்பெல்லாம் அரித்ததுதான் மிச்சம்.

பின்னால் முட்கள் சலசலத்தன. கரடிக்கு எரிச்சல் பொங்கியது.

"முள்ளி, நீங்கள் விடுகிற மூச்சில்தான் குகையே சூடாகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போ."

"இந்த வெயிலில் எங்கே போவேன், அண்ணே? பொழுது சாயட்டும், போய்விடுகிறேன்."

"இப்போதே போ!"

முள்ளம்பன்றி குட்டிகளோடு பொந்து வழியே வெளியேறியது. அவை திரும்பி வந்துவிடக் கூடாதென்று கரடி ஒரு கல்லை உருட்டிவந்து, பொந்தில் உதைத்து இறுக்கியது. பிறகு நிம்மதியாகப் படுத்தது.

நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. குகை புழுங்கியது. மூச்சு முட்டியது. அதுவரை பொந்து வழியாக நுழைந்து வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்த காற்று நின்றுவிட்டது என்று கரடிக்கு அப்போதுதான் புரிந்தது. கல்லைப் பிடித்து இழுத்தது. நகம் வழுக்கியதே தவிர, கல் அசையவில்லை.

கரடி குன்றைச் சுற்றிப் பின்பக்கம் ஓடியது. வெளியிலிருந்து அந்தச் சந்துக்குள் அதன் கை நுழையவில்லை. பக்கத்துப் புதரின் அரைகுறை நிழலில் குட்டிகள் கண் செருகிக் கிடந்தன. தாய் தன் உடம்பால் வெயிலை மறைத்தபடி நின்றது.

"முள்ளி, கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்துக் கொடு. நான் உள்ளேயிருந்து இழுக்கிறேன்."

"உங்கள் தூக்கத்துக்காகப் பறிக்க மாட்டேன், அண்ணே. என் பிள்ளைகள் பிழைக்க வேண்டும், அதற்காகப் பறிக்கிறேன். முதலில் இவர்களை உள்ளே கொண்டுபோங்கள்."

கரடி ஒவ்வொரு குட்டியாகக் கவ்வித் தூக்கிச் சென்றது. முட்கள் உதட்டில் இறங்கின. வலித்தும் அது பிடியை விடவில்லை.

வெளியே தாய் மண்ணைப் பறித்தது. உள்ளே கரடி கல்லை இழுத்தது. கல் பெயர்ந்ததும் காற்று குபுகுபுவென்று நுழைந்தது. சற்று நேரத்தில் குட்டிகள் கண் விழித்தன.

கரடி வீங்கிய உதட்டோடு அவற்றின் பக்கத்திலேயே தூங்கிப்போனது.

அடுத்தவர் வாசலை அடைக்கிறவர், தனக்கு வரும் காற்றையும் சேர்த்தே அடைக்கிறார்.