வாசலேறிய மீன்கள்

ஆற்றங்கரை மடத்தில் மீன் வாடையே ஆகாது. ஆனாலும் அந்த மடத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பாடம் மீனைப் பற்றியதுதான். பாடம் சொல்கிறவர் விருத்தகிரி, தலைமைச் சீடர். மழை கண்ணில் படாத கரிசல் காட்டில் பிறந்து, மடத்துச் சோற்றில் வளர்ந்தவர். மீனை உவமையில் பார்த்ததோடு சரி.

“நீரை விட்ட மீன் பிழைக்காது. நெறியை விட்டவன் மீளமாட்டான்.”

அவர் கணீரென்று இதைச் சொல்லும்போது கேட்கிற சனங்களுக்கு மயிர்க்கூச்செறியும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் குருவும் தலையசைப்பார். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்தப் பாடம் கடைசியில் அம்பலவாணன் தலையில் விடிந்தது. ஒரு காலத்தில் அவனும் அந்த மடத்துச் சீடன். பாதியில் விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மறுபடி பாடம் கேட்க வேண்டும் என்று திரும்பி வந்திருந்தான். முடிவை விருத்தகிரியிடமே விட்டுவிட்டார் குரு.

“நீயும் நானும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவங்கதான் தம்பி” என்றார் விருத்தகிரி. “ஆனா நீரை விட்ட மீனை நான் என்ன பண்ண முடியும்? சாயங்காலப் படகுல கிளம்பிடு.”

சொன்னபோது அவருக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் பாடம் பாடம்தானே. கதவைச் சாத்தினார்.

அம்பலவாணன் வாசலுக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டான். படகில் ஏறிவிட்டால் அவன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

பிற்பகலில் கோடையின் முதல் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்துத் தண்ணீர் கதவிடுக்கு வழியாக இறங்கி, வெளியே குட்டை போலிருந்த பள்ளத்துக்கு ஓடியது. கொடியில் கிடந்த காவித் துணியை எடுக்க வந்த விருத்தகிரி, கதவடியில் ஏதோ அசைவதைப் பார்த்து நின்றார்.

விரல் நீள மீன் ஒன்று. செவுளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலை உதைத்து உதைத்து, ஓடிவரும் தண்ணீருக்கு எதிராக ஏறி வந்துகொண்டிருந்தது.

“ஐயோ பாவம், செத்துடும்!” என்று அள்ளினார். சுருக்கென்று முள் ஏறியது. பொறுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, பள்ளத்தில் கொண்டுபோய் விட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு திரும்பினால், அது மறுபடி படியேறிக்கொண்டிருந்தது. திரும்பவும் கொண்டுபோய் விட்டார். அதற்கும் சளைக்கவில்லை அந்த மீன்.

“விட்டுடுங்கண்ணே” என்றான் அம்பலவாணன், நனைந்தபடி. “பனையேறிக் கெண்டை அது. மழை பெஞ்சா கரையேறி வேற தண்ணி தேடிப் போகும்.”

“மீனாவது, கரையேறுறதாவது!” என்று விருத்தகிரி எரிந்து விழுந்தார்.

சத்தம் கேட்டுக் குரு வந்தார்.

“சாமி, இது மீனே இல்லீங்க. ஏதோ பூச்சி.”

குரு குனிந்து பார்த்தார். “செதிலு இருக்கே.”

“அப்படின்னா வழி தப்பி வந்திருக்கும். எங்கயோ ஒண்ணு இப்படி வந்துச்சுன்னு...”

“ஒண்ணா?” என்று குரு பள்ளத்தைக் காட்டினார்.

கரை முழுக்க மீன்கள். மழைக்குள் தரையே நகர்வது போலிருந்தது. ஒன்று வழுக்கி விழுந்தால் அதே இடத்தில் இன்னொன்று ஏறியது. ஈரக் கல்லில் வால்கள் அடிக்கிற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. விருத்தகிரி முதலில் பயந்துதான் போனார். பிறகு கை தானாகக் குவிந்தது. இப்படியும் ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது, தான் பாடம் சொன்ன நாளெல்லாம் கதவுக்கு வெளியிலேயே இருந்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

குரு மழையில் நனைந்துகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். “இத்தனை வயசுக்கு இன்னைக்குத்தான் பாக்குறேன். இது தெரியாம நானும் பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்திருக்கேன் பாரேன்!”

ஆற்றிலிருந்து படகுக்காரன் குரல் கொடுத்தான். அம்பலவாணன் எழுந்து, துணிமூட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான்.

விருத்தகிரி திறந்த கதவின் நடுவில் வழியை மறித்தபடியே நின்றார்.

“சாமி, இவ்வளவு காலம் சொன்ன பாடம் பொய்யாப் போச்சே. நாளைக்கு சனங்க முன்னாடி என்னன்னு சொல்லுவேன்? இப்ப இவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

குரு மீன்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கும் தெரியலையேப்பா. முதல்ல நீ வாசலை விட்டுத் தள்ளி நில்லு. வர்றதுக்கு வழி வேணும்ல.”